கைகாட்டி மறையும் முன்னே...

சத்தியமங்கலத்துக்கு ரெயில் இல்லை. மைசூர்ப் பக்கம் சாம்ராஜ்நகருக்குப் பாதை போடவேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக உண்டு. நடுவே மலை, காடு, புலிகள் காப்பகம். பேச்சு பேச்சாகவே நிற்கிறது.

"ரெயிலே இல்லாத ஊர்க்காரர்களுக்கு ரெயில் கதை எதற்கு?" என்று கேட்கிறீர்களா?

காரணம் இருக்கிறது. சத்தியில் பஸ் ஏறி, ஈரோட்டில் ரெயில் பிடித்து, சென்னைக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள் எத்தனை பேர்! சென்னையில் அவர்களுக்குச் சோறு போட்டது வேலை. அந்த வேலைக்குத் தினமும் கொண்டுபோய் விட்டது எது? மின்சார ரெயில்!

அந்த ரெயிலின் படம் உங்கள் வீட்டில் ஒன்றாவது இருக்கிறதா?

73 ஆண்டு ஓடிய வண்டி

தென்னிந்தியாவின் முதல் ரெயில் 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி சென்னை ராயபுரத்தில் இருந்து புறப்பட்டது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் வந்தது. தூரம் சுமார் 29 கிலோ மீட்டர். தண்டவாளம் குறுகலான மீட்டர்கேஜ்.

குமாஸ்தா போனார். மாணவி போனாள். பூக்காரி கூடையோடு போனாள். மாம்பலத்தில் இறங்கிக் கல்யாணப் பட்டு எடுத்தார்கள். தாம்பரத்தில் இறங்கிக் காலி மனை பார்த்தார்கள். இப்படி இரண்டு மூன்று தலைமுறை அதில் பயணம் செய்தது.

2004-ல் அந்த மீட்டர்கேஜ் மின்சார ரெயில் நின்றது. அகலப் பாதை வந்தது. பெரிய பெட்டிகள் வந்தன. 2025-ல் குளுகுளு வசதி செய்த மின்சார ரெயிலும் வந்துவிட்டது. நல்லதுதான்! கூட்டம் பெருகும்போது பழைய வண்டியையே கட்டி அழ முடியுமா?

ஆனால், 73 ஆண்டு ஓடிய வண்டிக்கு வீட்டு ஆல்பத்தில் இடம் இல்லை. மகாபலிபுரம் சென்றால் படம் எடுத்தோம். மெரினாவில் நின்று எடுத்தோம். தினமும் ஏறிய வண்டியை எடுக்கவில்லை. "நாளைக்கும் வரும் வண்டிதானே!" என்ற நினைப்பு. ஒரு நாள் அது வராமலே போயிற்று.

கை நீட்டினால் நில்!

வண்டியைவிட வேகமாக மறைந்துவரும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் கைகாட்டி.

உயரமான கம்பம். அதன் உச்சியில் சிவப்புக் கை. கை நேராக நீட்டியிருந்தால், "நில்!" கை சாய்ந்தால், "போகலாம்!" எழுத்துத் தெரியாதவருக்கும் அது புரிந்தது. "கைகாட்டி சாய்ந்துவிட்டது; வண்டி வருகிறது" என்று குழந்தைகூடச் சொல்லும்.

தொலைவில் கேபின் இருக்கும். அங்கே ஒருவர் நெம்புகோலை இழுப்பார். இரும்புக் கம்பி வழியாக அந்த இழுப்பு கைகாட்டிக்குப் போகும், கை சாயும். இரவில் என்ன செய்வது? மண்ணெண்ணெய் விளக்கு! அதற்கு முன்னால் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கண்ணாடி. மாலை நேரத்தில் ஒருவர் ஏணியில் ஏறி விளக்கை வைத்துவிட்டு வருவார். மழையானாலும் ஏறவேண்டும், காற்றானாலும் ஏறவேண்டும்.

கம்பி அறுந்துவிட்டால் ஆபத்தாயிற்றே என்று தோன்றும். அங்கேதான் அதன் சூட்சுமம் இருக்கிறது. கம்பி அறுந்தால், எதிர்ப்பாரத்தின் இழுப்பில் கை தானாகவே நீட்டிக்கொள்ளும். "நில்!" என்று சொல்லிவிடும். தனக்குக் கோளாறு வந்தாலும் பயணியைக் காப்பாற்றும் கை அது!

இன்று அந்த வேலையை மின்சார விளக்கும் கம்ப்யூட்டரும் பார்க்கின்றன. சென்னையில் மின்சார ரெயில் செல்வது வண்ண விளக்கைப் பார்த்துத்தான். கைகாட்டியும் கேபினும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

நம் கோவைக்கும் இதில் பங்கு உண்டு. போத்தனூரில் ரெயில்வேயின் சிக்னல் பட்டறை இருக்கிறது. ரெயில் பார்க்காத சத்திக்காரர் உண்டு. ஆனால் ரெயிலை நிறுத்தும் சாமான் செய்த கைகள் நம் பக்கத்துக் கைகள்!

இது வெட்டி வேலையா?

ரெயிலையும் கைகாட்டியையும் தேடிப் படம் பிடிக்கும் இளைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு வந்தால் பிளாட்பாரத்தில் காமிராவோடு நிற்கிறார்கள். "வேறு வேலை இல்லையா?" என்று கேட்டுப் பலர் சிரிக்கிறார்கள்.

சிரிக்கவேண்டாம். அவர்கள் செய்வது நம் வேலை.

இங்கிலாந்தில் 1968-ல் ரெயில்வேயின் நீராவி வண்டிகள் நின்றன. கடைசி நாட்களில் மக்கள் பாதை ஓரமெல்லாம் காமிராவோடு கூடினார்கள். அந்தப் படங்கள் இன்று அந்த நாட்டின் சொத்து. ராஜாவின் படத்தை அரண்மனை வைத்துக்கொள்ளும். உழைப்பாளி ஏறிய வண்டியின் படத்தை யார் வைத்துக்கொள்வது? உழைப்பாளியின் குடும்பம்தான் வைத்துக்கொள்ளவேண்டும்!

ரெயில்வேக்கும் ஒரு வார்த்தை. காமிராவோடு நிற்பவனை எல்லாம் சந்தேகப்படவேண்டாம். எங்கே படம் எடுக்கலாம், எங்கே கூடாது, யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று எல்லா நிலையங்களிலும் தமிழில் ஒரு பலகை வைத்தால் போதும். பாதுகாப்பும் இருக்கும், படமும் இருக்கும்.

உயிர் பெரிது

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தண்டவாளத்தில் இறங்காதீர்கள்! அது சட்டப்படி குற்றம். ஓடும் வண்டிக்கு முதுகு காட்டி "செல்பி" எடுக்காதீர்கள். தலைக்கு மேலே செல்லும் கம்பியில் 25 ஆயிரம் வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. படத்துக்காகப் பெட்டி மேல் ஏறினவன் படமாகத்தான் வீட்டுக்கு வருவான். பிளாட்பாரத்தில் நில்லுங்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேளுங்கள். எடுக்காதே என்றால் எடுக்காதீர்கள்.

எடுத்த படத்தை செல்போனிலேயே விட்டுவிடாதீர்கள். போன் தொலைந்தால் படமும் தொலையும். நல்லதாக நாலு படத்தைக் கடையில் கொடுத்துக் காகிதத்தில் எடுங்கள். பின்னால் ஊர், தேதி, வண்டியின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். எழுதாத படம் விலாசம் இல்லாத கடிதம் மாதிரி. யாருக்கும் போய்ச் சேராது.

மேட்டுப்பாளையத்தில் இருந்து கோவைக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்களே! சென்னையில் தாம்பரம் வண்டியில் தொங்காமல் உட்கார இடம் தேடுகிற நம் ஊர்ப் பிள்ளைகளே! உங்கள் வண்டியை இந்த வாரமே ஒரு படம் எடுத்து வையுங்கள். அதில் உங்கள் அம்மாவும் நிற்கட்டும்.

பிற்காலத்தில் ஒரு பேத்தி கேட்பாள்: "அம்மிச்சி, அந்தக் காலத்திலே எதிலே போனீங்க?"

வாயால் சொன்னால் கதை. படத்தைக் காட்டினால் சரித்திரம்!