மானியமும் கணக்கு நோட்டும்

இலக்கிய அன்பர்கள் பேசத் தயங்கும் பொருள் ஒன்று உண்டென்றால் அது பணம்தான். நவீனக் கவிதையின் நெருக்கடி குறித்து மூன்று மணி நேரம் விவாதிப்போம். கூட்டம் முடிந்து, அரங்க வாடகையை யார் தருவது என்ற கேள்வி எழுந்த கணமே ஆளுக்கொரு பக்கம் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவோம்.

மேடவாக்கத்தில் நாங்கள் சிலர் ஒரு படிப்பகம் நடத்தி வருகிறோம். நண்பர் ஒருவர் வீட்டு மாடியறை, ஐந்து இரும்பு அலமாரிகள், ஒரு பாய், மாலை வேளைகளில் வரும் இருபது பிள்ளைகள். அவ்வளவே எங்கள் சாம்ராஜ்யம். வீட்டை விற்க வேண்டிய நிலை வந்திருக்கிறது என்று அந்த நண்பர் தயக்கத்தோடு சொன்ன அன்றுதான் மானியம் என்ற சொல்லை நாங்கள் முதன்முதலாக உச்சரித்தோம். உடனே இரு கட்சிகள் உருவாயின. ‘அரசிடமும் கம்பெனியிடமும் கையேந்துவதா?’ என்றது ஒன்று. ‘ஆள் தெரிந்தவனுக்குத்தான் கிடைக்கும், நமக்கெதற்கு வீண்வேலை?’ என்றது மற்றொன்று.

முதல் கட்சிக்கு என் பதில் எளிது. சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சீயாழி ராமாமிருத ரங்கநாதனின் அயராத முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன் வழியே நூலக வரி என்ற ஒன்றும் வந்தது. இன்று சொத்துவரியோடு சேர்த்து அதில் 10 விழுக்காட்டை நூலகங்களுக்காக நாம் செலுத்துகிறோம். நாம் கொடுத்த பணத்தில் ஒரு துளி நம் தெருவுக்குத் திரும்ப வேண்டும் எனக் கேட்பது யாசகம் ஆகாது.

இரண்டாம் கட்சியின் கூற்றில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை எங்கள் முதல் விண்ணப்பம் கற்பித்தது. வாசிப்பின் மேன்மை குறித்து ஆறு பக்கம் உருக்கமாக எழுதி அனுப்பினோம். திரும்பி வந்தது. கூடவே நான்கு கேள்விகள்: சங்கம் பதிவு செய்யப்பட்டதா? சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு உண்டா? தணிக்கை செய்த வரவு செலவு எங்கே? யார் எதற்குப் பொறுப்பு? நான்குக்கும் எங்களிடம் விடையில்லை. அன்று அதிகாரத்தைத் திட்டித் தீர்த்தோம். இன்று யோசித்தால், முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் பணம் கேட்டாலும் நான் இதே நான்கைத்தான் கேட்பேன் என்று படுகிறது.

இந்தக் கேள்விகள் வெள்ளைக்காரன் விட்டுச்சென்றவை என்று எண்ணுவோர் உத்திரமேரூர் வரை ஒருமுறை சென்று வரலாம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை, ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. குடவோலை முறையை நாம் மேடைதோறும் பெருமையாகப் பேசுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி தகுதி பெறமாட்டார் என்ற விதியும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பேசுவோர் குறைவு.

சரி, எங்கே கேட்பது? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். அதன்பின் வாசல்கள் சில உண்டு. 1972-ல் கொல்கத்தாவில் நிறுவப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, தன்னார்வ அமைப்புகள் நடத்தும் நூலகங்களுக்கும் உதவுகிறது. கம்பெனிகள் சட்டம், 2013-ன் 135-ஆம் பிரிவு இன்னொரு வாசல். ஆண்டு நிகர லாபம் 5 கோடியைத் தொடும் நிறுவனம், தன் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது அது. மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போனால் அத்தகைய கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் வருமானவரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், 2021 முதல் கேட்கப்படும் சிஎஸ்ஆர்-1 பதிவும் இன்றி அங்கே வாயிற்காவலரைத் தாண்ட முடியாது.

மூன்றாவது, நமக்கு நாமே திட்டம். 1990-களின் பிற்பகுதியில் பிறந்து, 2011-க்குப்பின் தன்னிறைவுத் திட்டமாகப் பெயர் மாறி, 2021-ல் பழைய பெயருக்கே திரும்பியது. ஆட்சிகள் மாறியும் உயிர்த்திருப்பதே அதன் பயனுக்குச் சான்று. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும், உருவாவது பொதுச்சொத்து.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. வசதியான குடியிருப்பில் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் அந்தப் பங்கு சேர்ந்துவிடும். அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள் வாழும் தெருவில், விகிதத்தை எவ்வளவு குறைத்தாலும் பணம் சேர்வது கடினம். படிப்பகம் மிகுதியும் தேவைப்படுவதோ அந்தத் தெருவில். 2017-ல் குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பட்டபோது பயனாளிகளின் 10 விழுக்காட்டுப் பங்கை உழைப்பாகவும் ஏற்றார்கள். ஏரிக்கரைக்குக் கொட்டிய வியர்வைக்கு மதிப்பு உண்டென்றால், நாள்தோறும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும் பெண்மணியின் நேரத்துக்கும் மதிப்பு இருக்கவேண்டும். எல்லா மானியத் திட்டங்களிலும் உழைப்பு பங்காகக் கணக்கிடப்பட வேண்டும் என்பதே என் கட்சி.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு: செய்கிற வேலையைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுதி வைப்பது. பக்கத்துச் சிட்லபாக்கத்தில் ஏரியைச் சுத்தம் செய்யக் குடியிருப்போரே 2019-ல் மண்வெட்டியோடு இறங்கினார்கள். அவ்வாண்டே அரசு அந்த ஏரிக்கு 25 கோடி ரூபாய் அறிவித்தது. வேலை முந்தியது, பணம் பிந்தியது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மானியத்துக்காக அமைப்பின் முகத்தை மாற்றிக்கொள்ளாதீர்கள். நிறுவனம் கணினி தருகிறது என்பதற்காகக் கதைநேரத்தை நிறுத்திவிட்டுக் கணினி வகுப்பு தொடங்கினால், ஓராண்டில் நிதியும் நிற்கும், பிள்ளைகளும் வரமாட்டார்கள். மாத வாடகையைச் சந்தாவாகத் திரட்டுங்கள். அலமாரிக்கும் புத்தகத்துக்கும் மானியம் கேளுங்கள். மானியம் வராத ஆண்டிலும் கதவு திறந்திருக்கும்.

எங்களில் ஏழு பேர் கையெழுத்திட்டுச் சங்கத்தைப் பதிவு செய்துவிட்டோம். புது இடம் இன்னும் அமையவில்லை. ஆனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறோம். முதல் வரவு, நண்பர்களிடம் திரட்டிய சந்தா. முதல் செலவு, அந்த நோட்டின் விலை. கணக்கு எழுதும் பொறுப்பை எங்கள் கவிஞர் ஏற்றிருக்கிறார். இதுவரை கூட்டலில் பிழை இல்லை.