குனியாதே என்றால் கூலி யார் தருவது?

முதுகுத்தண்டில் திருகாணியும் கம்பியும் வைத்து இரண்டு எலும்பை ஒன்றாக்குகிறார்கள். காப்பீட்டு அட்டை ஆபரேஷன் செலவைப் பார்த்துக்கொள்கிறது, நல்ல விஷயம்தான். ஆனா கம்பி வெறும் முட்டுதான். எலும்பு கூடி ஒட்ட மாசக்கணக்காகும். அதுவரை குனியாதே, முறுக்காதே, பாரம் தூக்காதே, புகையிலை தொடாதே என்று எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

எந்த வீட்டுக்கு? போடியிலிருந்து பஸ் குரங்கணி வரைதான். அதுக்கு மேலே இருக்கிற குடிகளுக்கு மலைப்பாதை. ஏலக்காய் செடி உச்சியில் காய்க்காது சார். தூரில், தரையை ஒட்டிக் காய்க்கும். குனியாமல் ஒரு காய்கூட எடுக்க முடியாது. வீட்டுக் கக்கூஸிலும் குத்தவைத்துத்தான் உட்காரணும்.

"நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்று போனில் சொல்கிற சென்னைக்காரர்களே, நாள் கூலிக்காரிக்கு ரெஸ்ட் எத்தனை நாள்? மூணாம் மாசம் அவள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனால், "சொன்ன பேச்சு கேட்கலை" என்று பழியும் அவள் மேலேயே.

கம்பிக்குப் பணம் கட்டுகிற அரசு, எலும்பு கூடுகிற மாசங்களுக்குக் கூலியையும் கட்டட்டும். ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்கு முன்னாலேயே வீட்டில் கட்டிலும் உட்கார்ந்து போகிற கக்கூஸும் இருக்கா என்று ஒருத்தர் மலையேறி வந்து பார்க்கட்டும். தோட்டக்காரர்களான நாங்களும் பங்கு போடணும். போடி ஏலத்தில் கிலோவுக்கு விலை ஏறும்போது அது யார் இடுப்பு என்று எங்களுக்குத் தெரியாதா?