சமம் சரி, திருத்துவது யார்?

திறந்தநிலை, தொலைநிலை, இணைய வழிப் பட்டங்கள் நேரடி வகுப்பில் பெற்ற பட்டங்களுக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. 2020 ஒழுங்குமுறையின் 22-ஆம் விதியில் இருந்ததுதான். அதை உரக்கச் சொன்னார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகள் படிக்கலாம் என்று அதே ஆண்டு ஏப்ரலில் வந்தது. பட்டப் படிப்பில் ஸ்வயம் தளத்தின் இணையப் பாடங்களுக்கான உச்சவரம்பு 2021-லேயே 20-இலிருந்து 40 விழுக்காடாகிவிட்டது. பொறியியல் இதில் சேராது. தொலைநிலைப் பொறியியலை ஏற்காத 2017 நவம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நமக்கு நினைவிருக்கிறது. பி.சி.ஏ., எம்.சி.ஏ. நடத்தும் நாம்தான் இனி வாய் திறக்காமல் இருக்க முடியாது.

வரவேற்கிறோம். கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கம் இருக்கும் ஒருவர் மாலை வகுப்புக்காக 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, இரவில் திரும்ப ஏற முடியாது. பகலில் மிளகும் காப்பியும் பார்த்துவிட்டு, இரவில் சென்னைக் கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த் என்.பி.டி.இ.எல். இணையத் தளத்தில் நடத்தும் அல்காரிதம் பாடத்தைக் கேட்கலாம். நம் கல்லூரிகள் பலவற்றில் அந்தத் தரத்தில் ஒரு வகுப்பு நடப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்வோம்.

நம் கேள்வி வேறு. இந்தப் பக்கத்தில் பல முறை கேட்டதுதான், சலித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்: நிரூபணத்தை யார் திருத்துவது?

அந்த மலையிலிருந்து ஒரு வாசகர், பகுதி நேர மாணவர், நமக்கு நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறார். சில்லறைக் கணக்கு: குறைந்த நாணயங்களில் ஒரு தொகையைக் கொடுக்க வேண்டும். கிரீடி முறையில், பெரிய நாணயத்தை முதலில் எடுக்கும் நிரல் எழுதியிருந்தார். 1, 2, 5, 10 ரூபாய்க்குச் சோதித்தார். எல்லாச் சோதனைகளிலும் தேறியது. நம் நாணயங்களின் அமைப்பு அப்படி. 1, 3, 4 என்று நாணயங்கள் இருந்து, 6 கொடுக்க வேண்டுமென்றால்? அவர் நிரல் 4, 1, 1 என்று மூன்றைக் கொடுக்கும். 3, 3 என்று இரண்டே போதும். ‘எப்போதும் உகந்தது’ என்று கீழே அவர் எழுதியிருந்த நிரூபணத்தில் இரண்டாவது வரியே தவறு. கணினி அந்த வரியைப் பார்க்கவே இல்லை. பார்க்கும்படி யாரும் அதை அமைக்கவும் இல்லை.

இந்த இணையப் பாடங்களில் வாராந்தர ஒப்படைப்புக்கு 25 விழுக்காடு, தேர்வுக்கு 75. ஒப்படைப்பு என்பது சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதும், சோதனைத் தரவில் நிரலை ஓட்டுவதும். தொகுத்தறிதலில் அடிப்படை நிலையை விட்டுவிட்டவரும் விடையைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிடலாம். தனிநிலைக் கணிதத்தின் உயிரே நிரூபணம். அதை ஒரு மனிதர் வாசித்து, சிவப்பு மையில் ‘இது எப்படி வந்தது?’ என்று கேட்க வேண்டும். நேரடி வகுப்பில் அது சோம்பலாகவாவது நடக்கிறது. இணையப் பாடம் எடுப்பவரின் தாய்க் கல்லூரி ஒரு பொறுப்பாசிரியரை நியமிக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே என்பீர்கள். அவர் நடைமுறையில் செய்வது மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவது. அதற்கு மேல் செய்ய அவருக்கு வேலைப்பளுக் கணக்கில் ஒரு மணி நேரமாவது ஒதுக்கியிருக்கிறார்களா?

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் ஐந்து விலங்குகளை வீழ்த்தினான் என்பார்கள். டெல்லியில் இருப்பவர்களுக்கும் அப்படி ஓர் ஆசை: ஒரே அறிவிப்பில் எல்லாப் பாடமும் விழுந்துவிட வேண்டும். வணிகவியலுக்குப் பொருந்துவது நம் பாடத்துக்கும் பொருந்துமா என்று நம்மிடம் கேட்டிருக்கலாம். அந்த 40 விழுக்காட்டை நிர்ணயித்தவர்கள், நூறு மாணவர்களுக்கு நிரூபணம் திருத்த எத்தனை பேர் வேண்டும் என்று ஓர் எண்ணையும் எழுதியிருக்கலாம். இணையப் பாடம் எடுக்கும் ஒவ்வொரு இருபது பேருக்கும் திருத்துநர் ஒருவர், ஊதியத்துடன். இதைத்தான் கேட்கிறோம்.

மலை வாசகர் நிரூபணத்தை மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறார். இம்முறை தவறு ஆறாவது வரியில். இந்த வாரத்துக்குள் பதில் போட வேண்டும்.