முதல் தையல்

கற்க வேண்டியவை ஏட்டில் மட்டும் இல்லை, கையிலும் உண்டு. எழுத்தறிந்த கை தொழிலறியாது இருத்தல் ஒரு குறையே ஆகும். அக்குறையைப் போக்கத் தொடங்குவார்க்கு ஏற்ற சிறு வேலை ஒன்று உண்டு. அது பிடிதுணி தைத்தல். அடுப்பினின்று சூடான பாத்திரத்தை இறக்கும்போது, கைக்கும் பாத்திரத்திற்கும் இடையே பிடித்துக்கொள்ளும் அடுக்குத் துணியே பிடிதுணி. ஆணாயினும் பெண்ணாயினும் மாணவர் ஒவ்வொருவரும் தம் கையால் ஒரு பிடிதுணியேனும் தைத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

'இதுவும் ஒரு பெரிய காரியமோ?' என்று சிலர் நகைக்கலாம். நம் வீடுகளில் நிகழ்வதை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக. சோறு கொதிக்கிறது, இறக்க வேண்டும். கையில் அகப்படுவது கிழிந்த கரித்துணி. அதுவும் இல்லையேல் சேலை முந்தானை. மெல்லிய துணி சூட்டைத் தடுப்பதில்லை. தொங்கும் முந்தானையிலோ தீ எளிதில் பற்றிக்கொள்ளும். நாள்தோறும் நமக்கு உணவு ஆக்கித் தரும் கைகளுக்கு நாம் அளிக்கும் காப்பு இவ்வளவுதானா?

பிடிதுணியின் இயல்பை அறிந்தால் அதனைத் தைக்கும் முறையும் விளங்கும். கையைக் காப்பது துணி மட்டும் அன்று. இழைகளுக்கும் அடுக்குகளுக்கும் இடையே தங்கியுள்ள காற்றும் ஆகும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு மிகுதியாகக் கடத்தும். ஆதலின் ஈரத் துணியால் சூடான பாத்திரத்தைப் பற்றுதல் பெரும்பிழை. நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைத் துணிகளும் ஆகா; மிகுந்த சூட்டில் அவை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணியே இதற்குத் தக்கது.

பழைய வேட்டியிலோ சேலையிலோ 20 சென்டிமீட்டர் சதுரமாக இரண்டு துண்டுகள் வெட்டுக. பழைய பூந்துவாலையில் அதே அளவாக மூன்று துண்டுகள் வெட்டி, அவற்றின் நடுவே வைக்க. அடுக்குகள் நழுவாதவாறு முதலில் நீண்ட இழைகளாக நூலோட்டுக. பின்னர்த் தடித்த ஊசியால், நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி, 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வரிவரியாக ஓட்டத் தையல் இடுக. ஓரத்தில் தொடங்கினால் துணி நடுவில் திரண்டு சுருங்கும். இறுதியில் ஒரு துணிப்பட்டையை நான்கு ஓரங்களிலும் மடித்துத் தைத்து, ஒரு மூலையில் ஆணியில் மாட்டுதற்குரிய வளையம் அமைக்க.

பள்ளிச் சிறுவனாய் இருந்தபோது நான் தைத்த முதல் பிடிதுணி இன்றும் என் நினைவில் உள்ளது. ஓரங்களை மட்டும் தைத்துவிட்டு, நடுவில் தையலிடச் சோம்பினேன். பார்வைக்கு அது அழகாகவே இருந்தது. இரண்டு முறை துவைத்ததும், உள்ளிருந்த துணிகள் ஒரு மூலையில் திரண்டன. ஒருநாள் அன்னையார் குழம்புச் சட்டியை இறக்கினார். அடுக்கு நழுவிய இடத்தில் அவர் பெருவிரல் பட்டது. சட்டியைக் கீழே வைத்த பின்னரே கையை உதறினார். என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. "நடுவிலும் தைத்துவிடு, தம்பி" என்றார். அவ்வளவே. சிவந்திருந்த அவ்விரலைக் கண்டு நான் தலைகுனிந்தேன். தேர்வில் செய்யும் பிழை நம் மதிப்பெண்ணைக் குறைக்கும்; தொழிலில் செய்யும் பிழை பிறர் கையைச் சுடும். இவ்வுண்மையை எந்த ஏடும் எனக்கு அவ்வளவு தெளிவாக உணர்த்தியதில்லை.

'கடையில் சிறு விலைக்குக் கிடைக்குமே' என்பாரும் உளர். கிடைக்கும், ஆயின் செய்தவனுக்கு உண்டாகும் பொறுப்புணர்ச்சி விலைக்குக் கிடையாது. தையல் பெண்டிர்க்கே உரியது என்பாரும் உளர். நம் ஊர்த் தையற்கடைகளில் பொறியின் முன் அமர்ந்திருப்போருள் ஆடவர் பலர் அல்லரோ? பழந்துணியில் என்ன செய்ய இயலும் என்பாரும் உளர். வங்காளத்துப் பெண்டிர் நைந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையினின்று உருவிய நூலைக் கொண்டே ஓட்டத் தையல் இட்டுப் போர்வைகள் ஆக்கினர். 'காந்தா' எனப்படும் அத்தொழில் இன்று உலகம் போற்றும் கலையாய் விளங்குகிறது. தொடக்கநிலை மாணவன் இடும் எளிய ஓட்டத் தையலே அதற்கும் அடிப்படை.

1937-ஆம் ஆண்டில் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு, பயன் தரும் கைத்தொழிலை நடுவாகக் கொண்டு கல்வி அமைதல் வேண்டும் என்று தீர்மானித்தது. கைத்தொழிலால் கை மட்டுமா பழகுகிறது? அளவறிதல், பொறுமை, பிறர் துன்பத்தை முன்னரே எண்ணிப் பார்த்தல் ஆகிய பண்புகளும் உடன் வளர்கின்றன.

மாணவர்களே! வரும் விடுமுறையில் ஒரு பிடிதுணி தைத்துப் பாருங்கள். முதல் தையல் கோணலாகலாம், அதில் இழிவில்லை. பிரித்து மீண்டும் தையுங்கள். தைத்து முடித்ததும் மிதமான சூடுள்ள பாத்திரம் ஒன்றை முதலில் நீங்களே அதனால் பற்றிப் பாருங்கள். உங்கள் கை சுடவில்லையாயின், அதன் பின்னர் அதனை உங்கள் அன்னையின் கையில் கொடுங்கள்.