ஒரு காகிதம், 6 லட்சம்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் 'கடை விற்பனைக்கு' விளம்பரங்களைப் பாருங்கள். விலை கொட்டை எழுத்தில் இருக்கும். 'ஜி.எஸ்.டி. தனி' என்பது மட்டும் எறும்பு சைஸில். கடிக்கிறது அந்த எறும்புதான்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதே சட்டத்தில் எழுதிவிட்டார்கள்: நிலத்தையோ, கட்டி முடித்த கட்டடத்தையோ விற்பது சரக்கும் இல்லை, சேவையும் இல்லை. (பின்னே என்னய்யா அது என்று கேட்டால் சட்டம் வாயைத் திறக்காது.) ஆகவே வரி கிடையாது. ஆனால், கட்டிக்கொண்டிருக்கும் கடை? அங்கே பில்டர் உங்களுக்குச் 'சேவை' செய்கிறாராம்! சேவைக்கு 18 சதவிகிதம். நிலத்துக்காக விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவதால், கடைசியில் கையைக் கடிப்பது 12. அதாவது 50 லட்ச ரூபாய் கடைக்கு 6 லட்சம்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு காகிதம். கம்ப்ளீஷன் சர்டிபிகேட். (அதற்கு முன்பே கட்டடத்தில் ஆள் குடிவந்துவிட்டால் அந்தத் தேதிதான் கணக்கு.) அதற்கு முந்தின நாள் பணம் கட்டினால் வரி, மறுநாள் கட்டினால் இல்லை. அதே கடை, அதே ஷட்டர், மாடிப்படி மூலையில் அதே வெற்றிலைக் கறை.

எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி. பி.எஃப். பணம், மனைவி நகை எல்லாவற்றையும் திரட்டி, சொந்தக் கடை போட்டு வேலையை உதறத் துடிப்பவன். விஷயம் தெரிந்தவன்தான்.

"சர்டிபிகேட் வந்தப்புறம்தான் சார் பணம் கட்டப் போறேன். இப்ப சும்மா 51 ஆயிரம் டோக்கன் அட்வான்ஸ். வெள்ளிக்கிழமை, நாள் நல்லா இருக்கு."

"நாள் நல்லாத்தான் இருக்கு தம்பி. சட்டம் நல்லா இல்லையே..."

சட்டம் கேட்பது 'முழுத் தொகையும்' சர்டிபிகேட்டுக்குப் பிறகு கைமாற வேண்டும் என்று. முன்னாலேயே கொஞ்சம் கொடுத்தாலும் போச்சு.

"அந்த 51 ஆயிரத்துக்கு மட்டும்தானே சார் வரி?"

"இல்லப்பா. மொத்த 50 லட்சத்துக்கும்."

தம்பி உடனே புரோக்கருக்குப் போன் போட்டான். "வேற பார்ட்டி ரெடியா இருக்கு சார், நாளைக்கே முடிச்சுடுவாங்க" என்று பதில் வந்தது. எல்லா புரோக்கர்களிடமும் ஒரு 'வேற பார்ட்டி' உண்டு. அந்த மகானை நான் இதுவரை நேரில் தரிசித்ததில்லை.

குடியிருப்பு அடுக்குமாடியின் கீழே வரும் கடை என்றால் கொஞ்சம் சலுகை. 2019 ஏப்ரலுக்குப் பின் தொடங்கிய திட்டமாகவும், அதில் கடைகளின் பரப்பு மொத்தத்தில் 15 சதவிகிதத்துக்குள்ளும் இருந்தால் வரி 5 தான்.

கட்டி முடித்ததை வாங்கினால் 6 லட்சமும் அப்படியே மிச்சம் என்று துள்ளவும் வேண்டாம். விற்காமல் நிற்கும் கடைகளுக்கு, சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் கட்டிய வரியைப் பில்டர் கழித்துக்கொள்ள முடியாது. அதை விலையில் ஏற்றாமல் விட அவர் என்ன கர்ணனா? ஆனால், விலையில் பேரம் பேசலாம். வரியில் பேச முடியாது.

தம்பி இப்போது பழைய கடை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எப்போதோ கட்டி முடித்தது, உரிமையாளரே விற்கிறார். ஜி.எஸ்.டி. இல்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 ஆக 9 சதவிகிதம் மட்டும் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் காத்திருக்கிறது.