பாமாயில் வியாபாரம்: வாய்ப்பு யாருக்கு?

1950 ஜனவரி 26ந் தேதி, நமது நாடு குடியரசான அன்று, டில்லியில் பிரதம விருந்தினராக வந்திருந்தவர் இந்தோனேஷிய ஜனாதிபதி சுகர்ணோ. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2025 குடியரசு தினத்தன்று அதே ஆசனத்தில் அமர்ந்தவர் இந்தோனேஷிய ஜனாதிபதி பிரபோவோ சுபியாந்தோ. இடையே உலகம் எவ்வளவோ மாறிவிட்டது. சுகர்ணோ வந்த காலத்தில் அந்நிய ஆதிக்கத்திலிருந்து விடுபட்ட இரு தேசங்களின் நட்பைப் பற்றிப் பேசினார்கள். இன்று இரு நாட்டுப் பிரமுகர்களும் வியாபாரிகளும் கூடும் இடங்களில் கேட்பது ஒரே வார்த்தைதான்: "வாய்ப்பு." விவசாயப் பொருள் வியாபாரத்தில் வாய்ப்பு, உணவுப் பண்டத் தொழிலில் வாய்ப்பு, முதலீட்டுக்கு வாய்ப்பு!

வாய்ப்பு இல்லை என்று நாம் சொல்லவில்லை. அது யாருக்கு என்றுதான் கேட்கிறோம்.

இரு நாடுகளுக்கும் நடுவே நடக்கும் விவசாய வியாபாரத்தில் தலையாயது பாமாயில். உலகத்திலேயே அதிகமாகச் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. 2023-24 எண்ணெய் ஆண்டில் சுமார் 160 லட்சம் டன் எண்ணெய் வெளியிலிருந்து வந்து இறங்கியது. அதில் பாமாயில் மட்டும் சுமார் 90 லட்சம் டன். அதன் பெரும் பங்கு இந்தோனேஷியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. நமது ஜனங்கள் உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் அந்நிய எண்ணெய். இதற்காக ஆண்டுதோறும் லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் தேசம் செலவிடுகிறது.

இந்த நிலைமை எப்படி வந்தது? நமது மண்ணில் எண்ணெய் வித்து விளையாதா? நமது விவசாயிக்குக் கடலை போடத் தெரியாதா? எள்ளும் கடுகும் தென்னையும் ஆமணக்கும் நமக்குப் புதிதா?

சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது. 1986ல் எண்ணெய் வித்துக்களுக்கென மத்திய சர்க்கார் ஒரு தனி இயக்கம் ஆரம்பித்தது. 1985-86ல் சுமார் 108 லட்சம் டன்னாக இருந்த வித்து உற்பத்தி, 1993-94ல் 200 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. தேசத்தின் தேவையில் கிட்டத்தட்ட முழுவதையும் நம் விவசாயிகளே பூர்த்தி செய்தார்கள். விதையும் விலையும் கிடைத்தன; வெளி எண்ணெயின் வரவை சர்க்கார் ஸ்தாபனம் கட்டுப்படுத்தி வந்தது. விவசாயி செய்து காட்டினான்.

பிறகு வந்தது தாராளமயம். 1994ல் பாமாயிலை எந்தத் தனியார் வியாபாரியும் இஷ்டம்போல் இறக்குமதி செய்யலாம் என்று கதவு திறக்கப்பட்டது. அப்போது வரி 65 சதம். அடுத்த வருஷமே 30 சதம். 1996ல் 20 சதம். 1998ல் 15 சதம். நாலே வருஷத்தில் வேலி முழுவதும் பிடுங்கப்பட்டது.

"உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிபந்தனை, எங்களால் என்ன செய்ய முடியும்?" என்று மந்திரிகள் கைவிரிப்பதுண்டு. பாமாயில் விஷயத்தில் இது பொய். அந்த ஸ்தாபனத்தில் நமது நாடு ஒப்புக்கொண்ட உச்ச வரம்பு 300 சதம்! எந்த அந்நியனும் தடுக்க முடியாத ஆயுதம் கையில் இருந்தது. அதை உபயோகிக்கத்தான் மனமில்லை. போதாக்குறைக்கு 2009 ஆகஸ்டில் ஆசியான் நாடுகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அந்த ஆயுதத்தையும் ஒப்படைத்துவிட்டார்கள். 2019 முடிவுக்குள் கச்சா பாமாயில் வரியை 37.5 சதத்துக்கும், சுத்திகரித்ததன் வரியை 45 சதத்துக்கும் இறக்குவதாக எழுதிக் கொடுத்தார்கள். 2009 அக்டோபர் 2ந் தேதி கேரளத்தில் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை ஜனங்கள் கைகோர்த்து நின்று இந்த ஒப்பந்தத்தை எதிர்த்தார்கள். டில்லி காது கொடுக்கவில்லை.

விளைவை நம் தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம். தென்னாற்காட்டிலும் வடாற்காட்டிலும் மானாவாரி நிலமெல்லாம் கடலைக் கொடி படர்ந்திருந்த காலம் உண்டு. இன்று மாநிலத்தில் கடலைப் பரப்பு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. மழை பொய்த்தது, ஆள் கூலி ஏறியது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றைத் தாங்குகிற விலை கிடைத்திருந்தால் விவசாயி கடலையை ஏன் கைவிடப் போகிறான்? கடலை போனதும் அதோடு செக்குப் போயிற்று, சின்ன எண்ணெய் ஆலைகள் போயின. கடலை ஆயவும் உடைக்கவும் போன பெண்களின் கூலி போயிற்று. மாட்டுக்கு வைக்கிற பிண்ணாக்குக்கும் கிராக்கி வந்தது. தென்னை விவசாயி கதையும் இதேதான். 2023ம் வருஷத்துக்கு அரவைக் கொப்பரைக்குக் குவிண்டால் 10,860 ரூபாய் என்று சர்க்கார் ஆதார விலை அறிவித்தது. சந்தையில் விலை அதற்கு வெகு கீழே கிடந்தது.

வரி ஏறுவதும் இறங்குவதும் யாருக்காக என்பதைச் சமீப கால நிகழ்ச்சிகள் காட்டிக் கொடுக்கின்றன. 2008ல் கச்சா எண்ணெய் வரி பூஜ்யம். 2018 மார்ச்சில் கச்சா பாமாயிலுக்கு 44 சதம். பிறகு படிப்படியாக இறங்கி 5.5 சதம். 2024ல் சோயா மொச்சை விலை ஆதார விலைக்குக் கீழே விழுந்து மகாராஷ்டிர விவசாயிகள் கொதித்தார்கள்; தேர்தலோ நெருங்கிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் கச்சா எண்ணெய்க்கு 27.5 சதம், சுத்திகரித்ததற்கு 35.75 சதம் என வரி உயர்ந்தது. தேர்தல் முடிந்தது. 2025 மே மாதக் கடைசியில் கச்சா எண்ணெய் வரி 16.5 சதத்துக்கு இறங்கிற்று. சுத்திகரித்ததன் வரி மட்டும் அப்படியே நின்றது.

இந்தக் கணக்கை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இரண்டு வரிக்கும் இடையே இருந்த வித்தியாசம் 8.25 சதத்திலிருந்து 19.25 சதமாயிற்று. கச்சா எண்ணெயை வாங்கிச் சுத்திகரித்து விற்கும் பெரிய ஆலை முதலாளிக்கு இது பரிசு. "ஆலை ஓடினால் இங்கே தொழிலாளிக்கு வேலை கிடைக்கும்" என்பார்கள். வாஸ்தவம்தான், ஆலை ஓட வேண்டும் என்றுதான் நாமும் விரும்புகிறோம். ஆனால் இந்த வித்தியாசத்தைப் பெரிதாக்க இன்னொரு வழியும் இருந்தது. சுத்திகரித்த எண்ணெய்க்கு வரியை உயர்த்தியிருக்கலாம். ஒப்பந்தமே அதற்கு இடம் தருகிறது. அப்படிச் செய்தால் விவசாயிக்கும் பாதுகாப்பு, ஆலைக்கும் பாதுகாப்பு. சர்க்கார் அந்த வழியை விட்டு, விவசாயியின் வேலியைப் பிடுங்கி முதலாளியின் தோட்டத்துக்குக் கட்டியது!

இந்த முதலாளிகள் யார்? கடலுக்கு அப்பாலும் இப்பாலும் கை நீண்டவர்கள். சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வில்மார் கம்பெனி இந்தோனேஷியாவில் தோட்டமும் ஆலையும் வைத்திருக்கிறது. 1999ல் அதே கம்பெனி அதானியுடன் சரிபாதிக் கூட்டுச் சேர்ந்து இங்கே எண்ணெய்த் தொழிலில் இறங்கிற்று. 'ஃபார்ச்சூன்' எண்ணெய் அவர்களுடையதுதான். 2024 டிசம்பரில் அதானி விலகுவதாக அறிவித்தார். கம்பெனியின் பெயர் மாறியது. வியாபாரம் மாறவில்லை. இந்தோனேஷியாவில் பழம் வாங்குகிறவனும், கப்பலேற்றுகிறவனும், இங்கே இறக்கிச் சுத்திகரித்துப் பொட்டலம் கட்டி விற்கிறவனும் ஒருவனே என்றால், அதை இரு நாட்டு வர்த்தகம் என்று எப்படிச் சொல்வது? ஒரே முதலாளியின் இரண்டு கிடங்குகளுக்கு இடையே சரக்கு மாறுகிறது, அவ்வளவுதான்!

நம் விவசாயி இழந்ததை இந்தோனேஷிய விவசாயி அடைந்தானா? அதுவும் இல்லை. அங்கே எண்ணெய்ப் பனைப் பரப்பில் சுமார் 40 சதம் சிறு விவசாயிகளிடம் இருக்கிறது. ஆனால் பழத்தை வெட்டியதும் உடனே ஆலைக்குக் கொண்டு போயாக வேண்டும், தாமதித்தால் கெட்டுவிடும். ஆலையோ கம்பெனியுடையது. ஆகவே கம்பெனி வைத்ததே விலை. 2022 ஆரம்பத்தில், உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் உற்பத்தி செய்யும் அந்த நாட்டில் சமையல் எண்ணெய்க்குப் பெண்கள் வரிசையில் நின்றார்கள்! ஏற்றுமதி லாபத்தைத் தேடி எண்ணெய் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றுமதி அனுமதி வழங்கியதில் ஊழல் என்று வணிக இலாகாவின் உயர் அதிகாரி ஒருவரும் கம்பெனிப் பிரமுகர்களும் அந்த ஏப்ரலில் கைது செய்யப்பட்டார்கள். ஏப்ரல் 28 முதல் மே 23 வரை ஏற்றுமதியே தடை செய்யப்பட்டது. உடனே பழத்தின் விலை சரிந்தது. சிறு விவசாயிகள் ஜகார்த்தாவின் வீதியில் இறங்கினார்கள். ஏற்றுமதி நடந்தபோது லாபம் கம்பெனிக்கு. நின்றபோது நஷ்டம் விவசாயிக்கு.

தோட்டத் தொழிலாளியின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். சுமத்ராவின் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரு காலத்தில் 'சார்புப்ரி' என்ற வலுவான சங்கம் இருந்தது. 1965-66ன் படுகொலையில் அது ரத்த வெள்ளத்தில் அழிக்கப்பட்டது. இன்றைய பனை ராஜ்யம் அந்தச் சமாதியின் மேல் எழுந்தது. மலேசியாவில் ரப்பர்த் தோட்டங்கள் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களாகவும் கட்டட மனைகளாகவும் மாறியபோது, தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்த் தொழிலாளிகள் லயன் வீட்டையும் இழந்து வெளியேறிய கதை நம் வாசகர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு கேள்வி எழும். "பாமாயில் வந்ததால்தானே ஏழை வீட்டில் தாளிக்க எண்ணெய் இருக்கிறது?" என்று ஒரு தாய் கேட்டால் அதை அலட்சியம் செய்ய முடியாது. ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் கிடைக்கிறது. லட்சோபலட்சம் குடும்பங்கள் அதை நம்பி இருக்கின்றன. அதை நிறுத்து என்று சொல்கிறவன் பாட்டாளி மக்களின் நண்பன் அல்ல. ஆனால் அந்த 25 ரூபாய் பாமாயிலின் குணத்தால் வந்ததல்ல, சர்க்கார் கொடுக்கும் மானியத்தால் வந்தது. அதே மானியத்தைக் கடலை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் கொடுத்தால் ஏழையின் சட்டியும் காயும், விவசாயியின் வயிறும் காயாது. வெளி எண்ணெயை நம்பியிருப்பது மலிவும் அல்ல. 2022ல் உக்ரைன் யுத்தத்தால் சூரியகாந்தி எண்ணெய் தடைப்பட்டு, இந்தோனேஷியா கதவடைத்ததும் இங்கே எண்ணெய் விலை என்ன பாடு படுத்தியது என்பதை எந்தக் குடும்பப் பெண்ணும் மறந்திருக்க மாட்டாள்.

மத்திய சர்க்கார் கண்டுபிடித்த மருந்தோ நோயைவிடக் கொடியது. இங்கேயே எண்ணெய்ப் பனை பயிரிட 2021 ஆகஸ்டில் 11,040 கோடி ரூபாய்த் திட்டம் போட்டார்கள். வடகிழக்கு மாநிலங்களும் அந்தமானும் குறிக்கப்பட்டன. மலைவாழ் மக்களின் பொது நிலமும் காடும் அங்கேதான் இருக்கின்றன. பனை காய்க்க நாலைந்து வருஷம், தண்ணீர் ஏராளம், பழத்தை வாங்குவதற்கு வட்டாரத்துக்கு ஒரு கம்பெனி. அதாவது சுமத்ராவின் சிறு விவசாயி மாட்டிக்கொண்ட அதே கண்ணி! மூன்று நாலு மாதத்தில் கடலை விளைவிக்கத் தெரிந்த நாட்டில் இது எதற்கு?

நாம் இரு நாட்டு வர்த்தகத்துக்கு விரோதிகள் அல்ல. நம் நிலக்கடலையைப் பெருமளவு வாங்கும் நாடுகளில் இந்தோனேஷியாவும் ஒன்று. அவர்களிடம் உள்ளதை நாம் வாங்கவும், நம்மிடம் உள்ளதை அவர்கள் வாங்கவும் வேண்டியதுதான். அந்தக் கொடுக்கல் வாங்கலை இரு நாட்டு சர்க்கார்களும் ஜனங்களின் தேவையை வைத்துத் திட்டமிட வேண்டும். நாலு கம்பெனிகளின் லாப வேட்டைக்கு விட்டுவிடக் கூடாது.

ஆகவே நாம் கோருவது இது: எண்ணெய் வித்து அனைத்துக்கும் ஆதார விலையைச் சட்டபூர்வமாக்கி, சர்க்காரே கொள்முதல் செய்ய வேண்டும். உள்நாட்டு விலை ஆதார விலைக்குக் கீழே போகாதபடி இறக்குமதி வரி தானாக உயரும் ஏற்பாடு வேண்டும். இறக்குமதியைத் தனியாரிடமிருந்து மீட்டுப் பொதுத்துறையிடம் கொடுக்க வேண்டும். ரேஷன் கடையில் பாமாயிலை நிறுத்தாமல், படிப்படியாக நம் கடலை எண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் அதே விலைக்குக் கொடுக்க வேண்டும். கூட்டுறவுச் செக்குகளும் ஆலைகளும் கிளம்ப உதவி செய்ய வேண்டும். மலைவாழ் மக்களின் நிலத்தில் கம்பெனிகள் கால் வைக்கக் கூடாது.

இவை நடக்காத காரியங்கள் அல்ல. 1986க்குப் பின் எட்டே வருஷத்தில் நம் விவசாயிகள் செய்து காட்டியதைத்தான் திரும்பக் கேட்கிறோம். கடலைக் காட்டு விவசாயியும், தென்னந்தோப்புத் தொழிலாளியும், ரேஷன் கடை வரிசையில் நிற்கும் தாய்மார்களும் ஒருவருக்கொருவர் எதிரிகள் அல்லர். அவர்கள் ஒன்றாகக் குரல் கொடுத்தால் வாய்ப்பு என்ற வார்த்தைக்கே அர்த்தம் மாறும்.