ஜன்னலோரம் ஒரு கிழங்கு

(இரண்டாமாண்டு மாணவி, மின்னியல் துறை)



"பூச்செடி வளர்க்கிறதெல்லாம் பங்களாக்காரங்க வேலை. நமக்கு எதுக்கு? வைக்கிறதுன்னா ரெண்டு கத்தரிச் செடி வை." செடி என்று பேச்செடுத்தாலே எங்கள் தெருவில் கிடைக்கும் பதில் இதுதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவள் நான். "பொம்பளப் புள்ளைக்குப் படிப்பு எதுக்கு?" என்று அப்போதும் இதே "எதுக்கு" வந்தது!

எங்கள் அம்மா திண்டிவனம் பக்கத்தில் சம்பங்கித் தோட்டத்தில் பூப்பறிக்கும் கூலி. விடியுமுன் பறித்தால்தான் பூ வாடாமல் மார்க்கெட் போய்ச் சேரும். நான் விழுப்புரம் பஸ் ஏறும்போது அம்மாவுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். இத்தனை வருஷம் பூவைத் தொட்ட அந்தக் கைக்கு, "இது என் பூ, விலைக்கில்லை" என்று சொல்ல ஒரு பூ இருந்ததா? எடை போடாத பூ ஒன்று கூலிக்காரர் வீட்டிலும் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. கத்தரிச் செடி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வயிற்றுக்கானது நமக்கு, கண்ணுக்கானது மற்றவர்களுக்கு என்று யார் பிரித்தது?

நிலம் ஒரு சென்ட் கூட வேண்டாம். வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்று போதும். சம்பங்கியும் கிழங்குச் செடிதான், மெக்சிகோவிலிருந்து வந்தது. ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும், வீட்டுக்குள் சரிப்படாது. துலிப்போ குளிர் படாமல் பூக்காது. அது ஸ்ரீநகருக்குத்தான் லாயக்கு. நமக்குத் தோதானது சிவப்பு லில்லி. புனல் மாதிரி பெரிய பூ விடுமே, அதுதான்! ஹிப்பியாஸ்ட்ரம் என்பது அதன் தாவரவியல் பெயர், பூர்வீகம் தென் அமெரிக்கா. (இந்தக் கிழங்கை ஆங்கிலத்தில் பல்பு என்பார்கள். எங்கள் துறையில் பல்பு வேறு. வகுப்பில் கேள்வி கேட்டால் நாங்கள் வாங்கும் பல்பு இன்னும் வேறு!)

பழைய பெயிண்ட் டப்பாவைக் கழுவி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பினால் போதும். கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய நட வேண்டும். நம் வீடுகளில் பாசம் என்றாலே ஒரு சொம்பு தண்ணீர்தான். அந்தப் பாசமே கிழங்கை அழுக வைத்துவிடும். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

குளிர்நாட்டுக் குறிப்புகளில் "கதகதப்பான அறையில் வை" என்றிருக்கும். அங்கே செடி பனிக்குப் பயந்து வீட்டுக்குள் வருகிறது. நம் ஓட்டு வீட்டில் கதகதப்புக்கா பஞ்சம்? இங்கே பஞ்சம் வெளிச்சத்துக்குத்தான்! வெளிச்சம் குறைந்தால் இலை நீண்டு துவளும், பூ வராது. பூத்தண்டு ஜன்னல் பக்கமே சாயும் என்பதால் ரெண்டு நாளைக்கு ஒரு தரம் டப்பாவைத் திருப்பி வைக்க வேண்டும்.

பூ வாடியதும் பலர் இலையையும் சேர்த்து அறுத்து விடுகிறார்கள். பார்த்தால் எனக்குக் கோபமாக வரும். பூத்தண்டை மட்டும் நறுக்குங்கள். அடுத்த பூவுக்கான சாப்பாட்டை இலைதான் சமைத்துக் கிழங்கில் சேர்த்து வைக்கிறது. பிறகு இலை தானாகப் பழுத்துக் காய்ந்தால் செத்துவிட்டதென்று குப்பையில் போடாதீர்கள். அது ஓய்வு. தண்ணீரை நிறுத்தி ரெண்டு மாதம் மூலையில் வையுங்கள், மறுபடி முளைக்கும்.

அம்மாவுக்கு இதில்தான் ஆச்சரியம். "சம்பங்கியில ஒரு கிழங்கு ஒரு தடவதான் பூக்கும், அப்புறம் பக்கக் கிழங்குதான். இது என்னடி, அதே கிழங்கு திரும்பத் திரும்பப் பூக்குது!" என்றார். இப்போது டப்பாவைத் திருப்பி வைப்பது அம்மாதான். என்னைத் தொட விடுவதில்லை.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கிழங்கு அசல் வெங்காயம் மாதிரியே இருக்கும். ஆனால் நஞ்சு, தின்றால் வாந்தி எடுக்கும். வெங்காயக் கூடைப் பக்கமே வைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கும் ஆட்டுக்கும் எட்டாத இடமாகப் பாருங்கள்.

எங்கள் டப்பாவில் இப்போது மூன்று பக்கக் கிழங்கு விட்டிருக்கிறது. வேண்டுவோர் மின்னியல் இரண்டாமாண்டு வகுப்பில் வந்து கேளுங்கள், காசு வேண்டாம். அது பூக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதற்குள் நமக்கு டிப்ளமோ முடிந்துவிடும். அதனால் முதலாமாண்டு மாணவர்களுக்கே முன்னுரிமை!